பூநாரையின் தண்ணீரும் என் பேட்டரியும்

போன செமஸ்டரில் எங்கள் குழு, மின்சார மோட்டார் சைக்கிளுக்கான பேட்டரி ஒன்றை வடிவமைத்து வகுப்பில் விளக்கிக் காட்டியது. "புகை இல்லை, பூமிக்குக் கேடு இல்லை" என்று பெருமையாக முடித்தேன். பின்வரிசையிலிருந்து முதலாம் ஆண்டுத் தங்கை ஒருத்தி கையைத் தூக்கினாள்.

"அண்ணா, இதுல இருக்கிற லித்தியம் எங்கிருந்து வருது?"

"ஆஸ்திரேலியா, சிலி..."

"சிலியில அத எடுக்கிற இடத்துல யாரு இருக்காங்க?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அன்றிரவு விடுதியில் உட்கார்ந்து தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க, கேட்டது சின்னக் கேள்வி இல்லை என்று புரிந்தது.

சிலியின் வடக்கே, ஆண்டிஸ் மலைத்தொடரை ஒட்டி, சுமார் 2,300 மீட்டர் உயரத்தில் அட்டகாமா உப்பு நிலம் இருக்கிறது. மழை என்பதே அபூர்வம். பகலில் வெயில் சுடும், இரவில் குளிர் நடுக்கும். அந்த வெள்ளை உப்புப் பரப்பின் ஓரங்களில் ஆழமில்லாத சில ஏரிகள். அவற்றில் பூநாரைகள் நிற்கின்றன. உலகத்தில் மொத்தமே ஆறு வகைப் பூநாரைகள்தான், அவற்றில் மூன்று இந்த ஆண்டிஸ் உப்பு ஏரிகளில் வாழ்கின்றன. தலையைக் கவிழ்த்து, அலகால் உப்புத் தண்ணீரை வடிகட்டி, கண்ணுக்கே தெரியாத பாசிகளையும் சிற்றுயிர்களையும் தின்கின்றன. ஒரு ஜோடி ஒரு பருவத்துக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். மூன்றில் ஒரு வகையான ஜேம்ஸ் பூநாரை அழிந்தே போய்விட்டது என்று ஒரு காலத்தில் நினைத்திருந்தார்கள். 1950-களில்தான் மறுபடியும் கண்டுபிடித்தார்கள்.

அதே நிலத்தின் அடியில்தான் லித்தியம் கலந்த உப்புக் கரைசல் இருக்கிறது. அதை மேலே இறைத்துக் குளங்களில் ஊற்றி, ஒரு வருடத்துக்கும் மேல் வெயிலில் காய வைக்கிறார்கள். தண்ணீர் ஆவியாகிப் போகும், லித்தியம் மிஞ்சும். அட்டகாமாவில் இரண்டு வகைப் பூநாரைகள் குறைந்துவருவதையும் இந்தச் சுரங்கப் பணியையும் 2022-ல் வந்த ஓர் ஆய்வு தொடர்புபடுத்தியது. தலைமுறை தலைமுறையாக அங்கே வாழும் லிக்கான் அந்தாய் மக்களும் தண்ணீரை நினைத்துக் கவலைப்படுகிறார்கள்.

இதை மாமாக் கடையில் என் நண்பனிடம் சொன்னேன். தே தாரிக்கை ஆற்றிக்கொண்டே அவன் கேட்டான்: "அப்போ பெட்ரோலே ஊத்துவோமா? பொலிவியாவுல சக்கால்தாயான்னு ஒரு பனியாறு இருந்துச்சு, தெரியுமா? பனிச்சறுக்கு விளையாடின இடம்டா. 2009-ல அதுவும் இல்லாம போச்சு. சூடு ஏறினா அந்த மலைக்கே தண்ணி இருக்காது."

அவன் சொன்னதும் உண்மைதான். எடுத்தாலும் பாவம், எடுக்காவிட்டாலும் பாவம். பிறகு எதுதான் சரி?

இதற்கு ஒரு பாதி விடை அதே மலைகளில் எனக்குக் கிடைத்தது. விக்குன்யா என்று ஒரு விலங்கு. ஒட்டகக் குடும்பம்தான், ஆனால் மான் போல மெல்லிய உடம்பு. அதன் ரோமம் உலகிலேயே மிக மென்மையான ரோமங்களில் ஒன்று. இன்கா மக்கள் சில வருடங்களுக்கு ஒருமுறை ஊரே கூடி, மனிதச் சங்கிலியாக நின்று அவற்றை வளைத்துப் பிடித்து, ரோமத்தைக் கத்தரித்துவிட்டு அனுப்பினார்கள். இதற்குச் சாக்கு என்று பெயர். பிறகு ஸ்பானியர்கள் வந்தார்கள், துப்பாக்கியும் வந்தது. கொன்று எடுப்பது சுலபமாகிவிட்டது. 1960-களில் சில ஆயிரங்களே மிஞ்சின. 1967-ல் பெருவில் பம்பா கலேராஸ் சரணாலயம் அமைந்தது, 1969-ல் நாடுகளுக்கிடையே ஒப்பந்தம் வந்தது. பிற்காலத்தில் சாக்கு முறையும் திரும்பியது. இன்று மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட விக்குன்யாக்கள் இருக்கின்றன.

ரோமம் மறுபடி வளரும், லித்தியம் வளராது. அதனால் இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஆனால் சாக்குவில் ஒரு விலங்கிடமிருந்து கிடைப்பது சுமார் 200 கிராம்தான். அதற்கு மேல் வேண்டுமென்றால் காத்திருக்க வேண்டும். வாங்குகிறவனுக்கு எவ்வளவு வேண்டும் என்பதை வைத்து அங்கே கணக்குப் போடுவதில்லை. கொடுக்கிற உயிர் எவ்வளவு தாங்கும் என்பதுதான் கணக்கு.

நாங்கள் பேட்டரி வடிவமைத்தபோது எடை, விலை, வேகம் எல்லாவற்றுக்கும் கணக்குப் போட்டோம். இந்தக் கணக்கை மட்டும் போடவில்லை. நோக்கம் நல்லதாக இருந்தால் போதும், வழியைப் பற்றிக் கேட்க வேண்டியதில்லை என்று நானே முடிவு செய்துவிட்டேன். என் தப்பு அதுதான்.

இறுதியாண்டுத் திட்டப்பணியின் தலைப்பை மாற்றிவிட்டேன். பழைய பேட்டரிகளிலிருந்து லித்தியத்தை மீட்டெடுப்பதைப் பற்றிச் செய்யப்போகிறேன். இதனால் பூநாரைகள் பிழைத்துவிடும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தத் தங்கை மறுபடியும் கையைத் தூக்கினால், இந்த முறை நான் பதில் சொல்வேன்.