போர் நாட்டில் ஓர் அமைதியான தெரு

2023-இல் இந்திய யூடியூபர் ஒருவர் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் தெருக்களில் நடந்தபடி ஒரு காணொளி வெளியிட்டார். ரஷ்ய ராணுவத்துக்கு உதவியாளர்கள் வேண்டும், போர்முனைக்குப் போக வேண்டியதில்லை, இடிந்த கட்டடங்களை அப்புறப்படுத்துவதும் ஆயுதக் கிடங்குகளைப் பார்த்துக்கொள்வதும்தான் வேலை, ஓராண்டு முடிந்தால் அங்கேயே நிரந்தரமாகத் தங்கலாம் என்பது அவர் சொன்னதன் சாரம். அவர் முதுகுக்குப் பின்னால் தெரிந்த நகரம் அமைதியாகத்தான் இருந்தது. அதில் ஒட்டுவேலை எதுவும் இல்லை. உக்ரைன் போர்முனை அங்கிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்தது.

அந்த அமைதியை நம்பியும், முகவர்களின் வாக்கை நம்பியும் ரஷ்யாவுக்குப் போனவர்களில் திருவனந்தபுரம் மாவட்டத்துக் கடற்கரை இளைஞர்களும் உண்டு. நெய்யாற்றின்கரை தாலூகாவின் தென்கோடியில் இருக்கும் பூவாறு–பொழியூர் கரையிலிருந்தும், மாவட்டத்தின் வடக்கே அஞ்சுதெங்கிலிருந்தும் அவர்கள் புறப்பட்டார்கள். காவலாளி வேலை, உதவியாளர் வேலை என்று சொல்லித்தான் கூட்டிப்போனார்கள். அங்கே கையில் துப்பாக்கியைக் கொடுத்தார்கள். சிலர் காயத்தோடு 2024 ஏப்ரல் தொடக்கத்தில் ஊர் திரும்பினார்கள். அதற்கு முந்திய மாதம் சி.பி.ஐ. வழக்குப் பதிவு செய்து டெல்லி, திருவனந்தபுரம், மும்பை, அம்பாலா, சண்டிகர், மதுரை, சென்னை ஆகிய ஏழு நகரங்களில் 13 இடங்களைச் சோதனையிட்டது. ஏமாற்றி அனுப்பப்பட்டவர்கள் 35 பேர் என்று அப்போது கணக்கில் வந்தது. 2025 ஜனவரியில் இந்திய வெளியுறவு அமைச்சகம் சொன்ன எண்ணிக்கை இன்னும் பெரியது. ரஷ்யப் படையில் இருந்ததாகத் தெரியவந்த இந்தியர்கள் 126 பேர், திரும்பியவர்கள் 96 பேர், இறந்தவர்கள் 12 பேர், இருக்குமிடம் தெரியாதவர்கள் 16 பேர்.

யார் குற்றவாளி என்பதை நீதிமன்றம் தீர்மானிக்கட்டும். சட்டத்துக்கு முந்திய ஒரு கேள்வி இதில் இருக்கிறது. போர் நடக்கும் நாட்டுக்குப் போய்வரும் ஒருவர், தாம் கண்ட அன்றாட வாழ்க்கையை அப்படியே சொன்னால் அறம் நிறைவேறிவிடுமா? கண்ணால் கண்டதைச் சொல்கிறவர் கேட்பவருக்கு வேறெதையும் கடன்பட்டிருக்கிறாரா?

கேரள–தமிழக எல்லையை ஒட்டிய பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இது ஏட்டுக் கேள்வி இல்லை. 1956 நவம்பர் 1-இல் விளவங்கோடு, கல்குளம் தாலூகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. ஆனாலும் களியக்காவிளைச் சந்தைக்கு வருகிறவர்களின் பேச்சில் தமிழும் மலையாளமும் இன்றும் கலந்தே வருகின்றன. பெண் கொடுப்பதும் எடுப்பதும் எல்லையைத் தாண்டித்தான் நடக்கின்றன. வெளிநாட்டுச் செய்தியும் அப்படியே. வளைகுடாவில் எந்தக் கம்பெனி சம்பளத்தைப் பிடித்துவைக்கிறது, எந்த நாட்டு ஆஸ்பத்திரியில் நர்சுக்கு விசா கிடைக்கும், எங்கே மருத்துவப் படிப்புக்குக் கட்டணம் குறைவு என்பதெல்லாம் செய்தித்தாளுக்கு முன்பே போய்வந்தவர் வாய்மொழியாக வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடும். அந்த வாய்மொழியை நம்பித்தான் நில ஆதாரம் அடகு போகிறது, நகை வங்கிக்குப் போகிறது, பையன் விமானம் ஏறுகிறான். போய்வந்தவரின் ஒரு வாக்கியத்துக்கு இங்கே அவ்வளவு எடை உண்டு.

முதலில், போர் நாட்டின் அன்றாடத்தைப் பார்த்துவந்து சொல்கிறவரின் பக்கத்து நியாயத்தைக் கேட்க வேண்டும். போர் நாடு முழுக்க எரிந்துகொண்டிருக்கும் என்று எண்ணுவது உண்மைக்கு மாறானது. யாழ்ப்பாணம் 1990-களின் முதல் பாதியில் பொருளாதாரத் தடைக்குள் கிடந்தது. மின்சாரம் இல்லை. பெட்ரோலுக்கும் பாட்டரிக்கும் தடை. ஜாம் போத்தலில் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டுத் திரி போட்ட விளக்கில் பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்தார்கள். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டார்கள். உக்ரைனின் கார்கிவ் நகரம் ரஷ்ய எல்லையிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அங்கே 2023 செப்டம்பரில் மெட்ரோ ரயில் நிலையங்களுக்குள் வகுப்பறைகள் திறந்தார்கள். மேலே சைரன் ஒலிக்கும்போது கீழே பாடம் நடந்தது. இவற்றைப் பார்த்தவர் சொல்லாமல் விட்டால் அந்த மக்களை வெறும் இடிபாடாகவும் பிணக்கணக்காகவும் ஆக்கிவிடுகிறார். தங்கள் ஊரில் பள்ளி நடக்கிறது, கல்யாணம் நடக்கிறது என்று உலகம் அறிய வேண்டும் என்று அந்த ஊர்க்காரர்களே விரும்புவார்கள். அந்த விருப்பத்தில் மானம் இருக்கிறது.

ஆனால் ஜாம் போத்தல் விளக்கை வியந்து எழுதுவதோடு ஒருவர் நின்றுவிட்டால் என்ன ஆகிறது? பாட்டரியைத் தடுத்தது யார் என்ற கேள்வி அணைந்துவிடுகிறது. மக்களின் மனவலிமையைப் புகழப் புகழ, அவர்களுக்கு இழைக்கப்பட்டது தாங்கக்கூடியதுதான் என்ற எண்ணம் கேட்பவர் மனத்தில் படிகிறது. தாங்கிக்கொள்கிறார்கள் என்பதும் தாங்கலாம் என்பதும் வேறு வேறு. இரண்டையும் பிரித்துச் சொல்வது பார்த்தவரின் கடமை.

பார்த்தவருக்கும் பார்க்கப்பட்டவருக்கும் இடையில் இன்னொரு வேறுபாடு உண்டு. ஒருவரால் வெளியேற முடியும். 2022 பிப்ரவரி 24-இல் உக்ரைன் ராணுவச் சட்டத்தை அறிவித்து, 18 வயது முதல் 60 வயது வரையுள்ள ஆண்கள் நாட்டைவிட்டுப் போகத் தடை விதித்தது. அதே நாட்களில் அதே எல்லைச் சாவடிகள் வழியாக ஆயிரக்கணக்கான இந்திய மாணவர்கள் போலந்துக்கும் ருமேனியாவுக்கும் ஹங்கேரிக்கும் நடந்தார்கள். ஆபரேஷன் கங்கா மூலமும் வேறு வழிகளிலுமாக ஊர் சேர்ந்தவர்கள் ஏறத்தாழ 22,500 பேர். அந்த மாணவர்கள் பட்ட குளிரும் பசியும் அவமதிப்பும் பொய்யில்லை. ஒரு மாணவர் கார்கிவில் உயிரையே இழந்தார். என்றாலும் பாஸ்போர்ட்டின் நிறம் ஒருவரை வெளியே அனுப்பியது, இன்னொருவரைத் திருப்பி அனுப்பியது. அரியானாவைச் சேர்ந்த பதினேழு வயது மாணவி ஒருவர் மட்டும், தாம் குடியிருந்த வீட்டுக்காரர் போருக்குப் போய்விட, அவருடைய மனைவியையும் மூன்று குழந்தைகளையும் விட்டு வரமாட்டேன் என்று தங்கிவிட்டதாக அப்போது செய்தி வந்தது. எல்லோரும் அப்படி இருக்க வேண்டும் என்று கேட்க யாருக்கும் உரிமையில்லை. தனக்குத் திறந்த கதவு இன்னொருவருக்குத் திறக்காது என்பதை அந்தப் பெண் கண்டுகொண்டார் என்பதுதான் கவனிக்கத்தக்கது.

வெளியேறுவதே சில சமயம் தீங்காகிவிடும் என்பதற்குத் தமிழர் வரலாற்றில் கிளிநொச்சி இருக்கிறது. 2008 செப்டம்பரில் இலங்கை அரசின் உத்தரவை ஏற்று ஐ.நா. அமைப்பின் வெளிநாட்டுப் பணியாளர்கள் வன்னியை விட்டுக் கிளம்பினார்கள். போகாதீர்கள் என்று மக்கள் அவர்களுடைய அலுவலக வாசலில் கூடி நின்று மன்றாடினார்கள். அந்த மக்கள் கேட்டது அரிசியை மட்டும் இல்லை. பார்க்கிற கண் ஒன்று பக்கத்தில் இருந்தால் குண்டு போடுகிறவன் கொஞ்சமாவது தயங்குவான் என்று நம்பினார்கள். அடுத்த எட்டு மாதங்களில் என்ன நடந்தது என்பது முள்ளிவாய்க்காலுக்குத் தெரியும். சார்ல்ஸ் பெட்ரி தலைமையில் ஐ.நா. தானே அமைத்த உள் ஆய்வுக் குழு 2012 நவம்பரில் அந்த அமைப்பின் தோல்வியை ஒப்புக்கொண்டு அறிக்கை தந்தது. வெளியாள் ஒருவரின் பார்வைக்கு ஒரு மக்கள் கூட்டத்தின் உயிரைக் காக்கும் வலிமை இருக்கக்கூடும் என்றால், அந்தப் பார்வையைக் கூலிக்கு விற்பது எவ்வளவு பெரிய பிழை என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

பிழைப்புத் தேடிப் போகிறவனைத் தடுக்க நீங்கள் யார் என்ற எதிர்வாதம் வலுவானது. பொழியூரையும் அதை அடுத்த நீரோடியையும் கடல் ஆண்டுதோறும் அரிக்கிறது. வீடு இழந்தவர்கள் உண்டு. 2017 நவம்பர் 30-இல் ஒக்கி புயல் இந்தக் கரையின் மீனவர்களை எப்படி வாரிப்போனது என்பதை எல்லைக்கு இருபுறமும் யாரும் மறக்கவில்லை. மீன்பாடு குறைந்து கடன் ஏறிய வீட்டில் ஆபத்து புதிதாக வந்து சேர வேண்டியதில்லை. கடலுக்குப் போவதும் உயிரைப் பணயம் வைப்பதுதானே என்று ஒரு மீனவர் கேட்டால் உடனே பதில் சொல்ல முடியாது.

பதில் அவருடைய தொழிலுக்குள்ளேயே இருக்கிறது. காத்தையும் நீவாடு எனும் நீரோட்டத்தையும் பார்த்து, மேகத்தைப் பார்த்து, கடலில் இறங்கலாமா என்று அவரே முடிவெடுக்கிறார். அப்பன் பாட்டன் சொல்லிக்கொடுத்த அறிவு கையில் இருக்கிறது. ஒக்கி நாளில் எச்சரிக்கை நேரத்துக்கு வந்து சேரவில்லை என்பதுதான் அந்த மக்களின் தீராத கோபம். அபாயத்தை ஏற்க அவர்கள் தயங்கவில்லை, தெரிந்துகொண்டு ஏற்கும் உரிமை பறிபோனதற்குத்தான் கோபப்பட்டார்கள். உக்ரைன் போர்முனையான தோனெட்ஸ்கின் பதுங்குகுழியைப் பற்றி அவர்களுக்கு எந்தப் பரம்பரை அறிவும் கிடையாது. அங்கே அவர்கள் இன்னொருவர் கண்ணைக் கடன் வாங்கித்தான் பார்க்க வேண்டும். கேட்பவரால் சரிபார்க்க முடியாத இடத்தைப் பற்றிப் பேசுகிறவருக்கு அதனாலேயே பொறுப்பு கூடுகிறது. தெருவைக் காட்டியது உண்மையாக இருக்கலாம். தெருவைக் காட்டிப் போர்முனையை மறைத்தது உண்மையாகாது.

போர் நாட்டில் வேலைபார்த்து வந்த நர்சுகளின் சாட்சியை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 2014-இல் இராக்கின் திக்ரித் மருத்துவமனையில் சிக்கிய 46 இந்திய நர்சுகள் ஜூலை 5-ஆம் தேதி கொச்சியில் வந்து இறங்கினார்கள். பெரும்பாலோர் கேரளத்துப் பெண்கள். பல மாதச் சம்பளம் வரவில்லை என்பதையும், ஊரில் கடன் நிற்கிறது என்பதையும், அதனால்தான் கிளம்பத் தயங்கினோம் என்பதையும் மறைக்காமல் சொன்னார்கள். அச்சத்தையும் தேவையையும் ஒரே மூச்சில் சொல்லும் அந்தப் பேச்சில் கேட்பவர் தமக்கு வேண்டியதை எடைபோட்டுக்கொள்ள எல்லாம் இருந்தது. அதே ஆண்டு இராக்கின் மோசூலில் பிடிபட்ட 39 இந்தியத் தொழிலாளர்கள் அப்படிச் சாட்சி சொல்லத் திரும்பவே இல்லை. அவர்கள் கொல்லப்பட்டதை அரசு 2018 மார்ச்சில்தான் உறுதிசெய்தது.

சொல்கிறவரின் பொறுப்பை அளக்க நெய்யாற்றின்கரை மண் ஓர் அளவுகோலை முன்பே தந்திருக்கிறது. இங்கே 1878-இல் பிறந்த ராமகிருஷ்ண பிள்ளை ‘ஸ்வதேசாபிமானி’ இதழில் திவானின் ஊழல்களை எழுதினார். 1910 செப்டம்பர் 26-இல் அச்சகத்தைப் பூட்டி, அவரைத் திருவிதாங்கூரை விட்டே நாடு கடத்தினார்கள். சொந்த ஊருக்குத் திரும்பாமலே 1916-இல் கண்ணூரில் இறந்தார். அவர் எழுதியதற்கான விலையை அவரே கொடுத்தார். வேலைக்கு ஆள்பிடிக்கும் காணொளியில் கணக்கு தலைகீழ். பேசுகிறவருக்கு வருமானம், தவறாகிப்போனால் வலி கேட்டவருக்கு. சொல்லுக்கு விலை கொடுக்கப்போவது யார் என்று கேட்டாலே, போர் நாட்டைப் பற்றிய பல காட்சிகளின் நிறம் மாறிவிடும்.

அப்படியானால் நடைமுறையில் கேட்க வேண்டியவை சில உண்டு. பார்வையாளர் விசாவில் போய் வேலையில் சேரச் சொன்னால் அங்கேயே நிறுத்த வேண்டும். ரஷ்யாவுக்குப் போனவர்கள் பலரும் அப்படித்தான் போனார்கள். முகவர் வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு பெற்றவரா என்று பார்க்க வேண்டும். வெளிநாடுவாழ் மலையாளிகளுக்கான கேரள அரசின் நோர்க்கா அலுவலகத்திலும் விசாரிக்க வேண்டும். இவற்றைத் தனி ஆள் தலையில் மட்டும் கட்டுவது நியாயமில்லை. ஒரு காணொளி லட்சம் பேரைச் சென்றடைய வழிசெய்து, அதில் விளம்பரப் பணமும் பெறுகிற நிறுவனங்களுக்கும், ஊர்ப் பஞ்சாயத்துக்கும், பங்குப் பேரவைக்கும் இதில் பங்கு உண்டு. காயத்தோடு திரும்பியவர்களைப் பேராசைக்காரர்கள் என்று பழிப்பது ஊருக்கு அழகில்லை. அங்கே உள்ளதை உள்ளபடி அறிந்தவர்கள் அவர்கள்தான். பொழியூரிலும் பாறசாலையிலும் அடுத்த பையன் விமானச் சீட்டுக்குப் பணம் கட்டும் முன், அவன் வீட்டார் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்க வேண்டியது அவர்கள் சொல்வதை. அப்படிக் கேட்கிற இடத்தில் வெட்கப்படாமல் பேச அவர்களுக்கு வழிசெய்து கொடுப்பது ஊரார் பொறுப்பு.