எல்லோரும் வந்துவிட்டார்களா?

டிசம்பர் மாத இறுதியில் பள்ளிகளுக்கு விடப்படும் குளிர்கால விடுமுறை ஒரு வாரமே நீடிப்பது. அந்த ஒரு வாரத்தை எண்ணிப் பெற்றோர் படும் கவலையோ பெரிது. தொலைக்காட்சிக்கும் கைப்பேசிக்கும் பிள்ளைகள் இரையாகிவிடலாகாது என்று மலைவாசத் தலங்களுக்குப் பயணம் திட்டமிடுவோர் உண்டு. ஓவியம், நீச்சல் என்று வகுப்புகளில் சேர்த்து விடுவோரும் உண்டு. 'விடுமுறை' என்ற சொல்லுக்கு 'விடும் முறை' என்றும் பொருள் கொள்ளலாம். பள்ளியை விடுவது பிள்ளைகளுக்கு எளிது. அவ்வாரத்தில் பெரியவர்கள் எதை விடுகிறார்கள் என்பதே சிந்திக்கத் தக்கது.

இவ்விடுமுறை மார்கழியின் நடுவில் வருவது ஒரு நற்பேறு. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் அருளிய திருப்பாவை முப்பது பாசுரங்களைக் கொண்டது. மார்கழியில் நாளுக்கு ஒன்றாக அவற்றைப் பாடுவது மரபு. முதல் ஐந்து பாசுரங்கள் நோன்பின் நோக்கத்தையும் நியமங்களையும் கண்ணனின் பெருமையையும் கூறுகின்றன. ஆறு முதல் பதினைந்து வரையுள்ள பத்துப் பாசுரங்களும் உறங்கும் தோழியரை வாசல் வாசலாகச் சென்று எழுப்புபவை. நோன்புப் பாடலின் மூன்றில் ஒரு பங்கு இறைவனின் வாசலை அடைவதற்கு முன்பே செலவாகிவிடுகிறது! பதினாறாம் பாசுரத்தில்தான் நந்தகோபனின் மாளிகைக் காவலனிடம் கதவைத் திறக்குமாறு வேண்டுகிறார்கள். அதுவரை ஒருத்தியும் விடுபட்டுவிடலாகாது என்பதே அவர்களுடைய கவலை.

மார்கழி டிசம்பர் 16-ஆம் தேதி பிறக்கும் ஆண்டுகளில், டிசம்பர் 25-ஆம் தேதிக்கு உரியது பத்தாம் பாசுரம். 30-ஆம் தேதிக்கு உரியது பதினைந்தாம் பாசுரம். தோழியரை எழுப்பும் பகுதியின் பிற்பாதி முழுவதும் பிள்ளைகளின் விடுமுறை நாட்களிலேயே அமைந்துவிடுகிறது. இதை ஒரு குடும்பம் எவ்வாறு பயன்படுத்திக்கொள்ளக் கூடும்?

மும்பை செம்பூரில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தை மனத்தில் கொள்ளலாம். தந்தை நல்ல பதவியில் இருப்பவர். தாய் இறைபக்தி மிக்கவர். பதினான்கு வயதில் ஒரு மகள். பத்து வயதில் ஒரு மகன். மகாபலேஷ்வர் செல்வதாக இருந்த பயணம் கைகூடவில்லை. பிள்ளைகள் முகம் வாடினர். தாய் ஒரு வழி கூறினார். "இந்த ஏழு நாளும் விடியுமுன் எழுந்து நீராடுவோம். அன்றைய பாசுரத்தை அக்கா பாட வேண்டும்; பொருளைத் தம்பி படிக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு நாளும் ஓர் இடத்துக்குச் சென்று வருவோம்" என்றார். அரைமனத்துடன் பிள்ளைகள் இசைந்தனர்.

முதல் நாள் எழுவதற்கே பெரும்பாடாயிற்று. அன்றைய பாசுரத்தில், கும்பகர்ணன் தோற்றுத் தன் உறக்கத்தை உனக்குக் கொடுத்துவிட்டானோ என்று தோழியர் கேலி செய்வதைப் படித்த சிறுவன் சிரித்துவிட்டான். அடுத்த நாள் முதல் அவனே முதலில் எழுந்தான். இரண்டாம் நாள் சேடா நகரில் உள்ள திருச்செம்பூர் முருகன் கோவிலின் படிகளில் ஏறி வழிபட்டனர். மூன்றாம் நாள் மாட்டுங்கா சென்றனர். ஆஸ்திக சமாஜ ஆலயத்தில் தரிசனம். பிறகு பூக்கடைகள் நிறைந்த தெருவில் ஒரு நடை.

மாட்டுங்காவில் தந்தைக்கு உற்சாகம் பிறந்தது. தெற்கிலிருந்து எழுத்தராகவும் தட்டச்சராகவும் வந்தவர்கள் தம் பிள்ளைகளின் கல்விக்காக 1932-இல் தென்னிந்தியக் கல்விச் சங்கத்தை நிறுவியதையும், 1952-இல் சண்முகானந்த சபா தோன்றியதையும் பிள்ளைகளுக்கு எடுத்துரைத்தார். "நம் தாத்தாவும் அப்படித்தான் வந்தாரா, அப்பா?" என்று மகள் கேட்டாள். "ஆமாம்" என்றார் அவர். "அத்தை வீடு சயானில் என்பீர்களே, அது அடுத்த ஸ்டேஷன்தானே? இப்போது போய்விட்டு வரலாமா?" என்றான் மகன். "அத்தைக்கு வேலை இருக்கும்" என்று கூறி அவர் பேச்சை மாற்றினார்.

இரண்டு விடைகளும் மெய்யல்ல. அவருடைய தந்தை எழுத்தராக வந்தவர் அல்லர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்காகத் தாராவிக்கு வந்தவர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே அவ்வழியில் வந்து அங்கே வேரூன்றிய தமிழர் பலர். தந்தை இளமையிலேயே காலமானபின், அவருடைய தமக்கை இட்லி அவித்து விற்றுத் தம்பியைப் படிக்க வைத்தார். மாலையில் மாவரைத்து, பின்னிரவில் அடுப்பு மூட்டி, விடியுமுன் விற்பனையாளர்களின் அலுமினியப் பாத்திரங்களை நிரப்பி அனுப்பும் அத்தொழிலில் இன்றும் தாராவியின் பல தமிழ்க் குடும்பங்கள் ஈடுபட்டுள்ளன. தமக்கையும் இன்றுவரை அங்கேதான் இருக்கிறார். செம்பூருக்குக் குடிபெயர்ந்த தம்பியோ, தாராவி என்ற சொல்லை நாவில் எடுப்பதில்லை. 'சயான் பக்கம்' என்பதே அவர் பழகிக்கொண்ட விடை. தமக்கை விசேஷ நாட்களில் இங்கே வந்து செல்வார். பிள்ளைகள் அங்கே சென்றதில்லை.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அவர் கருணையற்றவர் அல்லர். அலுவலக நண்பர்களுடன் சேர்ந்து தாராவியில் போர்வைகளும் நோட்டுப் புத்தகங்களும் வழங்கச் சென்றவர்தான். தாம் நின்று வழங்கிய தெருவிலிருந்து இரண்டு சந்து தள்ளித் தம் தமக்கை இருக்கிறார் என்பதை மட்டும் உடன் வந்தவர்களிடம் கூறவில்லை. சேவை செய்யச் செல்வது எளிது. கொடுப்பவன் ஒரு படி மேலேயே நின்றுகொள்ள அங்கு இடம் உண்டு. 'இவர் என் உறவினர்' என்று கூறும்போது அந்தப் படி கரைந்து போகிறது. அகங்காரம் தானத்துக்கு அஞ்சுவதில்லை, உறவுக்கு அஞ்சுகிறது. ஆகையால்தான் கைநிறையக் கொடுக்கும் பலரால் வாய் திறந்து ஓர் உண்மையைக் கூற இயலாமற் போகிறது.

டிசம்பர் 29. பதினான்காம் பாசுரம். எல்லோரையும் தானே முன்னால் வந்து எழுப்புவதாக வாய்ப்பந்தல் போட்டுவிட்டு, விடிந்தும் உறங்கிக் கிடக்கும் பெண்ணைத் தோழியர் நாணச் செய்யும் பாடல் அது. மகன் பொருளைப் படித்துக்கொண்டிருந்தபோது தெருவில் இட்லிக்காரரின் சைக்கிள் ஹாரன் ஒலித்தது. அன்றாடம் கேட்கும் ஒலிதான். அன்று தந்தை எழுந்து சென்று சன்னலருகே நெடுநேரம் நின்றார்.

மறுநாள் பதினைந்தாம் பாசுரம். உள்ளே இருப்பவளும் வெளியே நிற்பவர்களும் மாறி மாறிப் பேசும் உரையாடல். சொல்லுக்குச் சொல் வளர்ந்த பூசல், குற்றம் தன்னுடையதாகவே இருக்கட்டும் என்று உள்ளிருப்பவள் ஏற்றுக்கொண்டவுடன் தணிகிறது. அடியாரின் இலக்கணமே இதுதான் என்று உரையாசிரியர்கள் இவ்விடத்தைப் போற்றுவர். பிறகு அவள், எல்லோரும் வந்துவிட்டார்களா என்று வினவுகிறாள். வந்துவிட்டார்கள், நீயே வெளியே வந்து எண்ணிக்கொள் என்பது அவர்கள் தரும் விடை.

மகன் விளையாட்டாக விரல்விட்டு எண்ணினான். "அப்பா, அம்மா, அக்கா, நான். அவ்வளவுதானே? இல்லை, அத்தை வரவில்லையே!"

வீட்டில் ஒருவரும் பேசவில்லை. சற்று நேரங் கழித்துத் தந்தை கூறினார்: "அத்தை சயானில் இல்லை, அப்பா. தாராவியில் இருக்கிறாள். நானும் அங்கேதான் பிறந்தேன். இத்தனை நாளும் உங்களிடம் பொய் சொன்னேன். தப்பு என்னுடையதுதான்."

மகள் அழுதாள். தாராவியைப் பற்றிப் பள்ளித் தோழியர் கேலி பேசியபோது தானும் சேர்ந்து சிரித்தது அவள் நினைவுக்கு வந்தது. "நீங்கள் முன்பே சொல்லியிருந்தால் நான் சிரித்திருக்க மாட்டேனே, அப்பா" என்றாள். அவரிடம் விடை இல்லை. பெரியவர்கள் மறைக்கும் பொய் அவர்களோடு நின்றுவிடுவதில்லை. அறியாப் பிள்ளைகளின் நாவில் அது ஏளனமாக முளைக்கிறது. அசத்தியம் ஏன் பாவமாகக் கருதப்படுகிறது என்பதற்கு இதைவிட எளிய விளக்கம் வேண்டுவதில்லை.

டிசம்பர் 31, பின்னிரவு மூன்றரை மணி. நால்வரும் ஒரு டாக்ஸியில் புறப்பட்டனர். தொண்ணூறு அடிச் சாலையில் இறங்கி, ஒருவர் பின் ஒருவராக மட்டுமே செல்லக் கூடிய சந்துகளில் நடந்தனர். தாராவி மறுசீரமைப்புக்காக 2024-இல் கணக்கெடுப்புத் தொடங்கியபின், கட்டடங்களுக்கு எண்கள் இடப்பட்டன. அவ்வாறு எண் எழுதப்பட்ட சுவர்களைக் கடந்து சென்றபோது, தாம் பிறந்த வீடு இன்னும் எத்தனை காலம் நிற்குமோ என்ற எண்ணம் தந்தைக்கு எழுந்தது. உறங்கும் தமக்கையைப் பாசுரம் பாடி எழுப்ப வேண்டும் என்பது சிறுவனின் ஆவல்.

ஆனால் அவ்வீட்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கொப்பரையில் இட்லி வெந்துகொண்டிருந்தது. எழுப்ப வந்தவர்களுக்கு முன்பே அவர் எழுந்துவிட்டிருந்தார். மார்கழியில் மட்டுமன்று, ஆண்டின் எல்லா நாளும். உறங்கிக் கிடந்தவர் யார் என்பது அப்போது தந்தைக்குப் புலப்பட்டது.

தமக்கை வியப்பையோ கோபத்தையோ காட்டவில்லை. "வாசலில் நிற்காதே, தம்பி. ஆட்கள் வந்துவிடுவார்கள். கை கழுவிவிட்டு வா" என்றார். "நாங்களும் செய்கிறோம், மதினி" என்று தாய் சட்னியைப் பைகளில் நிரப்பி முடிச்சிட்டார். மகள் தட்டிலிருந்து இட்லிகளை எடுத்துப் பாத்திரத்தில் அடுக்கினாள். மகன் சூடு தாங்காமல் விரலை ஊதிக்கொண்டே வேலை செய்தான். ஒருவர் பின் ஒருவராக விற்பனையாளர்கள் வந்து பாத்திரங்களைப் பெற்றுச் சென்றனர். கடைசிச் சைக்கிள் சென்றபின்தான் அன்றைய பாசுரம் பாடப்பட்டது. நந்தகோபனின் வாசலில் எல்லோரும் கூடி நின்று கதவைத் திறக்க வேண்டும் பதினாறாம் பாசுரம்.

"நீ சயான் என்று சொல்லிக்கொள்வது எனக்குத் தெரியும், தம்பி. பிள்ளைகளுக்கு நல்லதாக இருக்கட்டும் என்று நானும் பேசாமல் இருந்துவிட்டேன். பொங்கலுக்காவது இவர்களை அனுப்பு" என்றார் தமக்கை. தைத்திருநாளில் தாராவித் தமிழ்ப் பெண்கள் தொண்ணூறு அடிச் சாலையில் வரிசையாகப் பானை வைத்துப் பொங்கலிடுவதைப் பிள்ளைகள் செய்தித்தாளில் மட்டுமே கண்டிருந்தனர். "நாங்கள் எல்லோரும் வருகிறோம், அக்கா" என்றார் தந்தை.

கோவிலில் செய்யும் சங்கல்பம் வீதியில்தான் சோதிக்கப்படுகிறது. ஜனவரி முதல் நாள், மின்தூக்கியில் அண்டை வீட்டார் வாழ்த்துக் கூறிவிட்டு, "நேற்று விடியுமுன்னே எங்கே கிளம்பிவிட்டீர்கள்?" என்று கேட்டார். பிள்ளைகள் இருவரும் தந்தையின் முகத்தை நோக்கினர். ஒரு கணம் பழைய விடை நாநுனிவரை வந்தது. "தாராவிக்கு. என் அக்கா வீட்டுக்கு" என்றார் அவர். அண்டை வீட்டாரின் முகம் சற்று மாறியதோ, இல்லையோ. அவர் அதைப் பார்க்கவில்லை. மகள் அவர் கையைப் பற்றிக்கொண்டாள்.

அன்று அவ்வீட்டில் ஒலித்த பதினேழாம் பாசுரம் ஆடையும் நீரும் சோறும் அறமாக வழங்கும் நந்தகோபனைப் போற்றுவது. சோறு என்ற சொல் வந்தவுடன் "அத்தை!" என்றான் சிறுவன். அவன் கண்ட பொருளை யார் மறுக்க முடியும்?

விடுமுறை வாரம் முடிந்தது. பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்பினர். தந்தை விட்டது ஒரே ஒரு சொல்லை. அச்சொல்லுக்குப் பின்னால் பல ஆண்டுகளாக ஒளிந்திருந்த அச்சமும் அதனுடன் அகன்றது. ஆன்மிகப் பயிற்சி என்பது இத்தகைய சிறு துறவுகளால் வளர்வதே.

இல்லறத்தார் ஒவ்வொருவருக்கும் தட்டாமல் கடந்து வந்த ஒரு வாசல் இருக்கக் கூடும். வறுமையால் விலக்கிய உறவு, பூசலால் பிரிந்த உடன்பிறப்பு, முதுமையால் மறக்கப்பட்ட ஒருவர் என்று அது எவ்வடிவிலும் இருக்கலாம். அடுத்த விடுமுறையில் பயணத் திட்டம் வகுக்குமுன், பெற்றோர் பிள்ளைகளுடன் அமர்ந்து ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நலம். விடுபட்டவர் யார் என்பதைப் பெரும்பாலும் பிள்ளைகளே கூறிவிடுவர். அவ்வாசலுக்குச் செல்லும்போது ஈகை செய்பவராகச் செல்ல வேண்டா, உறவினராகச் செல்க. தவறு இருப்பின் 'என்னுடையதே' என்று முதலில் கூறுக. அங்கே வேலை நடந்துகொண்டிருந்தால் கை கழுவிவிட்டு உடன் அமர்க. எல்லோரும் வந்துவிட்டார்களா என்ற வினாவுக்கு ஆம் என்று விடை கூற இயலும் இல்லத்தின் கதவைத் திறப்பதற்கு இறைவன் தாமதிக்க மாட்டான்.