கேட்கும் கையின் அறம்

கொடுப்பவர்க்குரிய அறத்தை நம் நூல்கள் விரித்துரைக்கின்றன. கேட்பவர்க்குரிய அறத்தை நாம் அத்துணை எண்ணிப் பார்ப்பதில்லை. தானத்தின் பயன் அதன் முறையாலும், பொருளாலும், ஈவோனாலும், ஏற்போனாலும் வேறுபடும் என்பது தத்துவார்த்த சூத்திரம் காட்டும் கருத்து. இவற்றுள் முறை என்பது ஈவோன் கை நீட்டும் முறையை மட்டுமா குறிக்கும்? வேண்டுவோன் வாய் திறக்கும் முறையையும் அதனுள் அடக்கலாமா? இவ்வினா எனக்கு நூலாராய்ச்சியில் எழுந்ததன்று. ஒரு கூரை ஒழுகியமையால் எழுந்தது.

மதுரையிலிருந்து மேலூர் செல்லும் சாலைக்கு அண்மையில் ஒரு சிற்றூரில், யானும் சில அன்பர்களும் சேர்ந்து மாலைப் பள்ளி ஒன்றை நடத்தி வருகிறோம். சாதி, சமய வேறுபாடின்றி நாற்பது பிள்ளைகள் பயில்கின்றனர். இரண்டே அறைகள். ஓடுகள் உடைந்து, மரச்சட்டங்கள் கறையான் அரித்துப் போயின. முழுவதும் மாற்ற மூன்று இலட்சம் ரூபாய் ஆகும் என்று கொத்தனார் கணக்குக் கொடுத்தார். ஐப்பசி மழைக்குள் முடித்தாக வேண்டும். எங்களுள் இளையவர் ஒருவர், "இணையவழி நிதி திரட்டும் தளத்தில் பதிவு செய்வோம், பத்து நாளில் பணம் சேர்ந்துவிடும்" என்றார்.

நம் நாட்டில் இத்தகைய தளங்கள் பல உள. கிவ்இந்தியா 2000இலும், மிலாப் 2010இலும், கெட்டோ 2012இலும் தொடங்கப்பெற்றவை. முகமறியாதார் ஈந்த சிறு தொகைகளால் எத்தனையோ ஏழையர்க்கு அறுவை மருத்துவம் நடந்திருக்கிறது. அதனை மறுப்பார் இலர். நாங்கள் தொடர்பு கொண்ட ஒரு தளத்தின் பணியாளரும் மிக இனிமையாகவே பேசினார். பிறகு சொன்னார்: "கூரைக்கு யாரும் பணம் தரமாட்டார்கள், ஐயா. ஒரு பிள்ளையின் கதை வேண்டும். தகப்பன் இல்லாத பெண்பிள்ளையாக இருந்தால் நல்லது. நனைந்த புத்தகத்தோடு நிற்பதுபோல ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்."

அத்தகைய பெண்பிள்ளை எங்கள் பள்ளியில் உண்டு, ஏழாம் வகுப்பு. தாயார் கூலி வேலை செய்பவர். அவரிடம் சென்று கேட்டேன். அவர் மறுக்கவில்லை. "நீங்க சொன்னா சரிதாங்கய்யா" என்றார். சற்றுப் பொறுத்து, "அந்தப் படம் எம்புட்டு நாளைக்கு இருக்கும்? நாளைக்கு அவளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறப்பவும் இருக்குமா?" என்று கேட்டார். எனக்கு விடை சொல்ல நா எழவில்லை. நம்மிடம் உதவி பெறுபவர் நமக்கு இல்லை என்று சொல்லத் துணியார். ஆகவே அவர் சொல்லும் 'சரி'யை இசைவு என்று கொள்ளுதல் எளிது, நேர்மையாகாது.

ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் எனத் தானம் நான்கென்பர். பள்ளி நடத்துதல் சாத்திர தானத்தின்பாற்படும். அதற்காக ஒரு சிறுமியின் வறுமையை ஊரறியச் செய்தால், அவள் நெஞ்சில் அச்சத்தையும் நாணத்தையும் விதைத்தவர்களாவோம். ஒரு கையால் சாத்திரம் ஈந்து, மறுகையால் அபயத்தைப் பறித்துக்கொள்ளுதலை எவ்வாறு தானக் கணக்கில் எழுதுவது?

எங்கள் பொருளாளர் இதனை ஏற்கவில்லை. "நம் கூச்சத்துக்கு விலை கொடுப்பது யார்? மழையில் நனையப் போவது நாமா, பிள்ளைகளா?" என்றார். வலிமையான கேள்வி. தன் மனத்தூய்மையைக் காத்துக்கொண்டு அதன் செலவைப் பிறர் தலையில் ஏற்றுபவன் தூயவன் ஆகான். பல இரவுகள் இதனை எண்ணினேன். முடிவில் எனக்குத் தோன்றியது இது: நனைந்த பிள்ளை காய்ந்துவிடும், இணையத்தில் ஏறிய படத்தை நம்மால் திரும்பப் பெற முடியாது. இவ்விடை அவருக்கு நிறைவு தரவில்லை.

இனிக் கட்டணம். 'கட்டணம் ஏதுமில்லை' என்று விளம்பரம் செய்யும் தளங்கள் உள. அமெரிக்காவின் கோஃபண்ட்மி 2017இல் அந்நாட்டுத் தனிமனித முறையீடுகளுக்கு வாங்கிவந்த 5 விழுக்காட்டை நீக்கி, கொடையாளர் விரும்பித் தரும் தொகையைப் பெறும் முறைக்கு மாறியது. நம் நாட்டிலும் அம்முறை பரவிற்று. விரும்பித் தருவதாயின் குறையில்லை. ஆனால் அத்தொகை முன்கூட்டியே நிரப்பப்பட்டு நிற்குமானால், ஐந்நூறு ரூபாய் ஈய வந்த முதியவர் அறியாமலே கூடுதலாகச் செலுத்திவிடுகிறார். கொடாததைக் கொள்ளாமை என்பதே கள்ளாமை அணுவிரதம். தளம் நடத்துவோர்க்கும் ஊதியச் செலவு உண்டு. 'நூற்றுக்கு ஐந்து எமக்கு' என வெளிப்படையாய்ச் சொல்லிப் பெறுவதை யான் குறையாகக் கருதேன்.

தளமே வேண்டா என்ற அன்பரும் இருந்தார். 2016இல் வந்த யூபிஐ முறையில், 2020 சனவரி முதல் பணம் பெறுவோர்க்கும் கட்டணம் இல்லை. அறக்கட்டளையின் வங்கிக் கணக்குக்குரிய கியூஆர் அட்டையைக் காட்டினால் போதும். உண்மைதான். ஆயினும் அவ்வட்டை நம்மை அறிந்தவரிடமே செல்லும். அறியாதவரை அழைத்து வருவதுதான் தளம் செய்யும் உதவி.

இந்நிலையில் ஒரு ஞாயிறன்று கிடாரிப்பட்டி வழியாக அழகர்மலைக் குகைத்தளத்திற்குச் சென்றேன். ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுக்கு முற்பட்ட தமிழ்ப் பிராமி எழுத்துகளில், துறவியர்க்கு உறையுள் அமைக்க ஈந்தோரின் பெயர்கள் அங்குள. உப்பு வணிகன், கொழு வணிகன், வெல்லப்பாகு விற்ற பாணித வணிகன், அறுவை வணிகன், மதுரைப் பொற்கொல்லன். அருகிலுள்ள மாங்குளத்தில் வெள்ளறை நிகமத்தார் கூடி ஈந்தமையும், கொடை பெற்ற கணி நந்தன் என்னும் துறவியின் பெயரும் பொறிக்கப்பட்டுள்ளன. ஈந்தவன் பெயர் உண்டு. அவன் தொழில் உண்டு. பெற்றவர் பெயர் மதிப்போடு உண்டு. பெற்றவரின் பசியோ பிணியோ எங்கும் எழுதப்படவில்லை. (ஈந்தவர்க்குத் தம் பெயரைக் கல்லில் காணும் ஆசை இருந்திருக்கலாம். அது வேறு குறை.)

கட்டணத்தை வெளிப்படையாகச் சொல்லும் தளம் ஒன்றைத் தேர்ந்தோம். பணம் நேரே எங்கள் கணக்கிற்கு வரவேண்டும். கொடையாளர் விவரம் எங்களுக்குக் கிடைக்க வேண்டும். வரிச்சலுகை பெற்ற அறக்கட்டளைகள் 2021 முதல் அவ்விவரத்தை ஆண்டுதோறும் வருமான வரித்துறைக்கு அளித்தால்தான் ஈந்தவர்க்குச் சலுகை கிட்டும். (ஒரு குறிப்பிட்ட சமயத்தாரின் நலத்திற்கென்றே அமைந்த அறக்கட்டளைகளுக்குப் பொதுவாக இச்சலுகை இல்லை, ஆலயத் திருப்பணிக்கு நிதி திரட்டும் அன்பர்கள் இதனை முன்னரே அறிதல் நன்று.) பிள்ளை எவருடைய படத்தையும் இடவில்லை. உடைந்த ஓடுகளின் படத்தையும், கொத்தனார் எழுதிய மதிப்பீட்டையும், நாற்பது பிள்ளைகள் என்ற எண்ணையும் மட்டும் இட்டோம்.

இருபத்தாறு நாளில் ஒரு இலட்சத்துப் பன்னீராயிரம் வந்தது. கியூஆர் அட்டை வழியே அன்பர் குடும்பங்கள் அறுபத்து நாலாயிரம் ஈந்தன. வந்தவாசிப் பக்கத்திலிருந்து சென்று சிங்கப்பூரில் வாழும் ஒருவர் இருபத்தையாயிரம் அனுப்ப முன்வந்தார். அவர் அந்நாட்டுக் குடியுரிமை பெற்றவர். இந்தியக் குடிமகன் வெளிநாட்டில் ஈட்டிய தம் சேமிப்பினின்று வங்கி வழியே அனுப்புவது அயல்நாட்டுக் கொடையாகாது. குடியுரிமை மாறியவர் தருவது ஆகும். 2010ஆம் ஆண்டின் அயல்நாட்டுப் பங்களிப்புச் சட்டப்படி பதிவு பெறாத நாங்கள் அதனை ஏற்கலாகாது. பேரன் பெயரால் தாம் தருவதாக இங்குள்ள அவர் பாட்டியார் சொன்னார். பணம் அவருடையதாயின் அவர் பெயரிலேயே தருக என்றோம். அவர் ஐந்நூறு ரூபாய் தந்தார்.

ஓர் அறையின் கூரை முடிந்தது. மற்றது தார்ப்பாயின்கீழ் இருக்கிறது. மழை நாளில் நாற்பது பிள்ளைகளும் ஒரே அறையில் நெருங்கி அமர்ந்து படிக்கின்றனர்; அச்சிறுமி பின்வரிசையில் சாளரத்தருகே இருப்பாள். அத்தகைய நாள்களில் பொருளாளர் என்னோடு அதிகம் பேசுவதில்லை.