ஐந்தாவது மதிப்பெண்

போடி, கம்பம் பக்கம் நடக்கும் இரட்டை மாட்டுவண்டிப் பந்தய நோட்டீஸ் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். பரிசுத் தொகைக்கும் விழாக் கமிட்டியின் பெயர்களுக்கும் நடுவில் இப்படி ஒரு வரிசை இருக்கும்: தட்டான்சிட்டு, தேன்சிட்டு, பூஞ்சிட்டு, கரிச்சான்மாடு, நடுமாடு, பெரியமாடு. பறவைப் பட்டியல் மாதிரி தெரியும். உண்மையில் அவை மாட்டின் வளர்ச்சியை வைத்துப் பிரித்த பந்தயப் பிரிவுகள். சின்ன மாட்டைப் பெரிய மாட்டோடு ஓடவிடக் கூடாது என்ற விவேகம் அந்தப் பெயர்களுக்குள் இருக்கிறது. இளசுக்கு அதற்கான தூரம், அதற்கான ஜோடி, அதற்கான பெயர்.

குதிரைகளின் உலகத்திலும் இதே மாதிரி ஒரு ஏற்பாடு உண்டு. டிரெஸ்ஸாஜ் என்று ஒரு குதிரையேற்ற விளையாட்டு. பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்குப் பழக்குதல் என்றுதான் பொருள். 60 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலத்தில் ஒரு மணல் களம், ஓரங்களில் அடையாள எழுத்துகள். குதிரையும் ஆளும் உள்ளே வருவார்கள். எழுதிவைத்த வரிசைப்படி நடப்பார்கள், ஓடுவார்கள், வட்டமிடுவார்கள், நின்று வணக்கம் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். வேகப் போட்டி கிடையாது, தடை தாண்டுவதும் கிடையாது. பல வருடம் பழகிய குதிரை நின்ற இடத்திலேயே ஓட்டத்தின் தாளத்தைக் காலில் பிடித்துக் காட்டும். முதல்முறை பார்க்கிறவனுக்கு, இதுல என்ன இருக்கு என்றுதான் தோன்றும். கொஞ்ச நாள் பார்த்தால் கண் விலகாது.

இதில் இளங்குதிரைகளுக்குத் தனிப் போட்டிகள் உண்டு. 5, 6, 7 வயதுக் குதிரைகளுக்கு உலக சாம்பியன்ஷிப்பே நடக்கிறது. பெரிய குதிரைக்கு ஒவ்வொரு அசைவுக்கும் மார்க். ஐந்து வயதுக் குதிரைக்கு அப்படி இல்லை, மொத்தம் ஐந்தே மதிப்பெண்கள். நடைக்கு ஒன்று. ட்ராட் எனப்படும் துள்ளோட்டத்துக்கு ஒன்று. கேன்டர் எனப்படும் பாய்ச்சலுக்கு ஒன்று. ஏறியிருப்பவர் சொல்வதை எப்படிக் கேட்டுக்கொள்கிறது என்பதற்கு ஒன்று. ஐந்தாவது மதிப்பெண் விசித்திரமானது. இந்தக் குதிரை பிற்காலத்தில் என்னவாக வரும் என்பதற்கு அதைப் போடுகிறார்கள்.

மாட்டுவண்டிப் பந்தயத்தில் எல்லைக் கோடு தீர்ப்புச் சொல்லிவிடும். யார் எப்படிப் பார்த்தாலும் முதலில் வந்த வண்டி முதலில் வந்ததுதான். டிரெஸ்ஸாஜில் தீர்ப்புச் சொல்வது கண். அதிலும் இளங்குதிரை விஷயத்தில், இன்னும் நடக்காத ஒன்றுக்குக் கண் மார்க் போடுகிறது. நாளைக்கு வரப்போவதை இன்றைக்கே ரசிக்கிறோம். அந்த ரசனைக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

*

இளங்குதிரைமேல் பெரும்பாலும் மூன்று வயதில் முதல்முறை ஆள் ஏறுகிறார். அதன் முதுகெலும்பு முழுசாக முதிர ஐந்து, ஆறு வயதாகும். வெளியிலிருந்து பார்த்தால் வளர்ந்த குதிரை, உள்ளே இன்னும் பிள்ளை. எலும்பு மெதுவாகத்தான் வளரும், சந்தையோ அதுவரை காத்திருக்காது. நல்ல வம்சத்து இளங்குதிரைகள் ஐரோப்பிய ஏலங்களில் லட்சக்கணக்கான யூரோவுக்குப் போகின்றன. வாங்குகிறவர் வாங்குவது பெரும்பாலும் அந்த ஐந்தாவது மதிப்பெண்ணைத்தான்.

ஐந்தாவது மதிப்பெண்ணை எதை வைத்துப் போடுவது? கண்ணுக்கு முதலில் படுவது முன்னங்கால். முன்னங்காலை நெஞ்சுக்கு நேராக வீசி ஓடும் குதிரையைப் பார்த்தவுடன் கூட்டம் மூச்சைப் பிடிக்கும். டோட்டிலாஸ் என்ற கறுப்புக் குதிரை அப்படி ஓடிய குதிரை. 2010-ல் அமெரிக்காவின் கென்டக்கியில் நடந்த உலகக் குதிரையேற்றப் போட்டிகளில் மூன்று தங்கம் வாங்கியது. அதே குதிரையைப் பார்த்துச் சில பழைய ஆசிரியர்கள் முகம் சுளித்தார்கள். அவர்கள் சொன்ன காரணம் எளிமையானது. ட்ராட்டில் முன்னங்கால் ஒன்றும் குறுக்கே இருக்கும் பின்னங்கால் ஒன்றும் சேர்ந்து நகரும். உடம்பு முழுக்க இளக்கமாக வேலை செய்தால் அந்த இரண்டு கால்களின் கீழ்ப்பகுதியும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கும். முன்னங்கால் வானத்தைத் தொட, பின்னங்கால் ஏனோதானோவென்று பின்னால் வந்தால், நடுவில் இருக்கும் முதுகு இறுகிக் கிடக்கிறது என்று அர்த்தம். ஒரு புகைப்படத்தையும் அடிக்கோலையும் வைத்து யார் வேண்டுமானாலும் சரிபார்த்துக்கொள்ளலாம்.

நாம் எதற்குக் கை தட்டுகிறோமோ அதுதான் அடுத்த தலைமுறையில் பிறக்கிறது. வீச்சுக்கு மார்க் விழுந்தால், வீசுகிற குதிரையோடு இணை சேர்ப்பார்கள். வீசத் தெரியாத குதிரைக்கு வீசச் சொல்லிக்கொடுப்பார்கள். எப்படிச் சொல்லிக்கொடுத்தார்கள் என்பது களத்தில் தெரியாது. பார்வையாளர் கையில் கடிவாளம் இல்லைதான். ஆனால் குதிரைமேல் உட்கார்ந்திருப்பவரின் கை எந்தப் பக்கம் இழுக்கும் என்பதில் நமக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

*

தமிழில் இதைப் பேச மூன்று வினைச்சொற்கள் இருக்கின்றன. அடக்குதல், வசக்குதல், பழக்குதல்.

அடக்குதல் எல்லோருக்கும் தெரியும். வசக்குதல் மாடு வைத்திருக்கிற வீடுகளில் புழங்குகிற சொல். இளங்காளையை முதல்முதலாக நுகத்தடிக்கும் கலப்பைக்கும் கொண்டுவருவது. மாட்டை நம் வசத்துக்குக் கொண்டுவருகிறோம் என்பது அந்தச் சொல்லிலேயே ஒலிக்கிறது. மூன்றாவது சொல்தான் ஆச்சரியம். குதிரையைப் பழக்குகிறோம். அதே வேரில்தான் அவனோடு பழகினேன், நல்லா பழகுற பொண்ணு என்றெல்லாம் சொல்கிறோம். ஒரு எழுத்துதான் வித்தியாசம். ஒருவன் இன்னொன்றுக்குச் செய்வது பழக்குதல், இரண்டு பேரும் சேர்ந்து செய்வது பழகுதல். குதிரையோடு பழகாமல் குதிரையைப் பழக்க முடியாது என்பதை மொழி முன்கூட்டியே சொல்லிவைத்திருக்கிறது.

கிரேக்கத்தில் ஸெனஃபன் கி.மு. நான்காம் நூற்றாண்டிலேயே குதிரையேற்றம் பற்றி ஒரு நூல் எழுதினார். அடித்து ஆடவைத்தால் நடனக்காரனிடம் எப்படி அழகு வராதோ அப்படித்தான் குதிரையிடமும் வராது என்பது அவர் வாதம். கேட்க நன்றாக இருக்கிறது. எனக்கு அதில் ஒரு சந்தேகம் உண்டு. அடித்து வரவழைத்ததும் அழகாகத் தெரிந்துவிடுகிறதே, அப்போது என்ன செய்வது?

2024 ஜூலையில் நடந்தது அதுதான். சார்லட் டுஜார்டின் பிரிட்டனின் மிகப் பெரிய டிரெஸ்ஸாஜ் வீராங்கனை. 2012-ல் லண்டன் ஒலிம்பிக்கில் வலேக்ரோ என்ற குதிரைமேல் அவர் தங்கம் வாங்கியதைப் பார்த்துத்தான் ஒரு தலைமுறையே இந்த விளையாட்டுக்கு வந்தது. பாரிஸ் ஒலிம்பிக் தொடங்கச் சில நாள் இருக்கும்போது ஒரு பழைய வீடியோ வெளியே வந்தது. ஒரு மாணவி குதிரைமேல் உட்கார்ந்திருக்க, இவர் கீழே நின்று நீளச் சவுக்கால் குதிரையின் காலில் திரும்பத் திரும்ப அடிக்கிறார். அவர் போட்டியிலிருந்து விலகினார், மன்னிப்புக் கேட்டார். சர்வதேசக் கூட்டமைப்பு ஓராண்டுத் தடை விதித்தது.

அந்த வீடியோவில் என்னை அதிகம் தொந்தரவு செய்தது மேலே உட்கார்ந்திருந்த மாணவி. அவளும் இளசுதான். குதிரை ஒன்றைக் கற்றுக்கொண்டிருந்தது, அவள் ஒன்றைக் கற்றுக்கொண்டிருந்தாள். காலை உயர்த்த வேண்டும் என்று அது கற்றது. இப்படித்தான் உயர்த்த வைக்க வேண்டும் என்று அவள் கற்றாள்.

*

இந்தியாவுக்கும் இதில் ஒரு கதை உண்டு. 2023 செப்டம்பர் 26 அன்று ஹாங்சோ ஆசிய விளையாட்டில் அனுஷ் அகர்வாலா, ஹ்ருதய் சேடா, திவ்யகிருதி சிங், சுதீப்தி ஹஜேலா ஆகிய நான்கு பேரும் அணிப் பிரிவில் தங்கம் வாங்கினார்கள். குதிரையேற்றத்தில் 1982-க்குப் பிறகு, 41 வருடம் கழித்து வந்த தங்கம். இரண்டு நாள் கழித்து அனுஷ், எட்ரோ என்ற குதிரையோடு 73.030 புள்ளிகள் எடுத்துத் தனிநபர் வெண்கலமும் வாங்கினார். அடுத்த ஆண்டு பாரிஸில், ஒலிம்பிக் டிரெஸ்ஸாஜ் களத்தில் இறங்கிய முதல் இந்தியரும் அவர்தான்.

அனுஷ் கொல்கத்தாவை விட்டு ஜெர்மனிக்குப் பயிற்சிக்குப் போனபோது வயது 17. மற்ற மூவரும் சின்ன வயதிலேயே ஐரோப்பாவில் வருடக்கணக்கில் பயிற்சி எடுத்தவர்கள். தெரியாத மொழி, விடியற்காலைக் குளிர், லாயத்து வேலை. இது வசதியுள்ள குடும்பங்களுக்கு மட்டுமே முடிகிற காரியம், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பதினேழு வயதுப் பையனின் தனிமைக்கு வசதி பெரிய மருந்து இல்லை. அவனுக்கும் ஒரு ஐந்தாவது மதிப்பெண்ணை யாரோ எங்கேயோ போட்டு வைத்திருப்பார்கள்.

இந்த இடத்தில் குதிரையை விட்டு நம் வீட்டு டிவிக்கு வரலாம். எட்டு வயதுக் குழந்தை பெரியவர்கள் பாடுகிற பாட்டை, பெரியவர்களின் தாபத்தோடு, சங்கதி பிசகாமல் பாடுகிறது. நடுவர்கள் எழுந்து நிற்கிறார்கள், அம்மா அழுகிறாள். நம் ஊரில் இதற்கு ஒரு பழைய வசவு உண்டு: பிஞ்சில் பழுத்தது. வாயால் வசவு, கையால் கைதட்டல். ஒரு பிஞ்சைப் பார்த்து அதன் பழத்தை ரசிப்பது தப்பில்லை. விவசாயி தினமும் செய்வது அதுதான். பழத்தை இப்போதே கொடு என்று கேட்கும்போதுதான் காய் வெம்புகிறது. வெம்பிய காயும் தூரத்திலிருந்து பார்த்தால் பழம் மாதிரியே நிறம் காட்டும்.

*

போடியில் இந்த வித்தியாசத்தைச் சொல்லித்தர ஆள் தேவையில்லை. ஏலச்செடியில் ஒரே சரத்தில் எல்லாக் காயும் ஒரே நாளில் முற்றாது. அதனால் ஒரே தடவையில் மொத்தமாக உருவி எடுக்க முடியாது. சில வாரங்களுக்கு ஒருமுறை திரும்பத் திரும்பப் போய், முற்றியதை மட்டும் பார்த்து எடுக்க வேண்டும். இளங்காயைப் பறித்தால் ஸ்டோரில் உலர வைக்கும்போது சுருங்கிப்போகும், எடையும் நிற்காது, வாசமும் நிற்காது. காலையில் ஜீப் ஏறி மலைக்குப் போகிற பெண்களின் கண்ணுக்கு எது இன்னும் பொறுக்க வேண்டிய காய் என்று தெரியும். அந்தக் கண்ணை நம்பித்தான் கீழே போடியில் அத்தனை ஏலமும் நடக்கிறது. கைக்கு எட்டுகிற காயை விட்டுவிட்டு வருகிற கண் அது. ரசனைக்கு நான் கண்ட நல்ல இலக்கணமும் அதுதான்.

இதே மலையில் குதிரைகளும் இருக்கின்றன. ரோடு போகாத கிராமங்களுக்கு அரிசி, மளிகை ஏற்றிக்கொண்டு போய், காப்பிக்கொட்டையும் மிளகும் இறக்கிக்கொண்டு வருகிற சுமைக்குதிரைகள். தேர்தல் வந்தால் வாக்குப்பதிவு இயந்திரத்தோடு அவற்றின் படம் பேப்பரில் வரும், அப்புறம் ஐந்து வருடம் யாரும் பார்க்க மாட்டார்கள். டிரெஸ்ஸாஜ் குதிரைக்கு ஆபத்து அதிகம் பார்க்கப்படுவதால் வருகிறது என்றால், சுமைக்குதிரைக்கு ஆபத்து யாரும் பார்க்காததால் வருகிறது. ஆனால் அதை ஓட்டுகிறவர் பார்க்க வேண்டும், வேறு வழியில்லை. சேணம் உரசிய இடத்தில் புண் இருக்கிறதா, லாடம் தேய்ந்திருக்கிறதா, இரண்டு பக்கச் சுமையும் சமமாக இருக்கிறதா. அழகு பார்க்கிற பார்வை இல்லை இது. இருந்தாலும் ஒரு டிரெஸ்ஸாஜ் நடுவர் பார்க்க வேண்டியதும் கிட்டத்தட்ட இதுதான்: முதுகு, குளம்பு, சமநிலை.

ஒரு நியாயமான ஆட்சேபம் மிச்சம் இருக்கிறது. குதிரை இதையெல்லாம் கேட்கவே இல்லையே, ஏறாமல் விட்டுவிடுவதுதானே உண்மையான மரியாதை? 2014-ல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டுக்கும் மாட்டுவண்டிப் பந்தயத்துக்கும் தடை போட்டதிலிருந்து, 2017-ல் மெரினாவில் கூட்டம் கூடி, 2023 மே மாதம் தமிழ்நாட்டின் சட்டம் செல்லும் என்று தீர்ப்பு வந்தது வரை, நாம் இந்தக் கேள்வியை ஒரே வடிவத்தில்தான் கேட்டோம்: நடத்தலாமா, கூடாதா. அந்தக் கேள்வி தேவைதான். ஆனால் அதற்கு எந்தப் பதில் வந்தாலும் கண்ணுக்கு வேலை இல்லாமல் போய்விடுகிறது. தடை என்றால் பார்க்க ஒன்றுமில்லை, அனுமதி என்றால் எப்படியும் பார்க்கலாம்.

விலங்கிடம் சம்மதம் கேட்க முடியாது, உண்மை. அதன் மறுப்பை வாசிக்க முடியும். ஏறலாமா என்ற கேள்வி அதோடு தீர்ந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஏறிவிட்ட இடத்தில், பார்க்கிறவனுக்குக் குறைந்தபட்சக் கடமை ஒன்று உண்டு, அந்த மறுப்பைப் படிக்கக் கற்பது. குதிரை தன் மறுப்பை உடம்பு முழுக்க எழுதிக் காட்டும். வால் ஓயாமல் அடித்துக்கொள்ளும். வாய் பிளந்து நிற்கும். தலையை நெஞ்சோடு இழுத்துக் கட்டியது மாதிரி மூக்கு உள்வாங்கிவிடும். காது ஏறியிருப்பவரின் பக்கம் லேசாகத் திரும்பித் திரும்பி வந்தால் அது கேட்டுக்கொண்டிருக்கிறது. பின்னால் ஒட்டிக்கொண்டால் சகித்துக்கொண்டிருக்கிறது. இதைக் கற்க லாயமோ பணமோ தேவையில்லை.

அடுத்த தடவை ஒரு இளங்குதிரைப் போட்டி வீடியோ கண்ணில் பட்டால், முதலில் இசையை மியூட் செய்யுங்கள். ட்ராட்டைத் தாண்டிப் போய் நடையைப் பாருங்கள், யாரும் கை தட்டாத அந்த எளிய நடையை. நான்கு குளம்பும் தனித்தனியாக, நான்கு எண்ணிக்கையாக விழ வேண்டும். பயத்தில் இருக்கும் குதிரைக்கு முதலில் கெடுவது அந்த எண்ணிக்கைதான். ஒரு பக்கத்து இரண்டு காலும் ஒட்டிக்கொண்டு நகர ஆரம்பிக்கும். எண்ணிப் பாருங்கள். நான்கு வந்தால், அப்புறம் பாட்டைப் போட்டுக்கொண்டு மிச்சத்தைப் பார்க்கலாம்.