தேயிலை முடியும் இடம்

பனிமூட்டம் இறங்குகிறது. மேல்நிரைகள் மறைகின்றன. கீழ்நிரைகள் இன்னும் பச்சை.

ஓரிடத்தில் தேயிலை முடிகிறது. ஓர் எட்டு எடுத்து வைத்தால் காடு.

உள்ளே குளிர் வேறு மாதிரி. மூச்சு ஈரமாகிறது.

பாசி. அடிமரத்தில், கிளையில், வேரில், விழுந்த கட்டையில். விரல் வைக்க அமுங்குகிறது. விரலிடுக்கில் தண்ணீர். மழை பெய்யவில்லை. போகிற மேகத்தைப் பாசி பிடித்து வைக்கிறது, சொட்டுச் சொட்டாக விடுகிறது. இந்த மலை குனோங் பிரிஞ்சாங், 2,000 மீட்டருக்கும் மேலே. ஓடைகள் இந்தச் சொட்டில் தொடங்குகின்றன.

கீழே தேயிலை நிற்பதும் இந்த ஈரத்தில்தான்.

நெப்பெந்தஸ் மாக்ஃபார்லேனி. தீபகற்ப மலேசியாவின் மலைகளுக்கே உரிய குடுவைச் செடி. மூடி திறந்திருக்கிறது. உள்ளே நீரில் ஓர் எறும்பு. கால் இன்னும் அசைகிறது.

பலகைப் பாதையை விட்டு இறங்கிய காலடிகள், செடிக்குப் பக்கத்திலேயே. மண் கறுப்பு, மெத்தென்றிருக்கிறது. மிதிபட்ட இடத்தில் வேர் வெளியே கிடக்கிறது.

நெஞ்சில் ஏதோ இறுகுகிறது. பிறகு தளர்கிறது.

ஒரு பட்ட மரம். நின்றபடியே உளுக்கிறது. பட்டைக்கு அடியில் பூச்சிகளின் நடமாட்டம். இங்கிலாந்தில் ஹியர்ஃபோர்ட்ஷியர் பக்கத்துப் பழைய ஆப்பிள் தோப்புகள் நினைவில் வருகின்றன. சைடர் பிழியும் ஆப்பிள் அங்கே. உளுத்த பழமரத்தின் உள்ளே ஒரு பச்சை வண்டு வளர்கிறது. மரத்தை அகற்றினால் வண்டும் இல்லை. அதற்காகவே சிலர் பட்ட மரத்தை விட்டுவைக்கிறார்கள்.

விட்டுவைப்பது. அதுவும் தோட்ட வேலைதான்.

1929. ஜே. ஏ. ரஸ்ஸல் ‘போ’ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்குகிற ஆண்டு. காடு சாய்கிறது. சாய்த்த கைகளில் நம்மவர் கைகளும் உண்டு. அட்டைக்கடி, குளிர், லயத்துப் புகை. அந்தக் கைகள்மேல் கோபம் வரவில்லை. சாய்ந்த மரங்களின் நினைவும் போகவில்லை.

பூர்வக்குடிச் செமாய் மக்களுக்கு அவை ஒவ்வொன்றுக்கும் பெயர் இருந்திருக்கும்.

எதிர்ச்சரிவில் காய்கறித் தோட்டங்களின் பிளாஸ்டிக் கூரைகள். நடுவே சிவந்த மண், மூடாமல்.

மழைக்குப் பின் பெர்த்தாம் ஆறு பால் தேநீர் நிறம். மண் ரிங்லெட் ஏரியில் போய்ப் படிகிறது. 1963இல் அணை கட்டி எழுந்த ஏரி, ஆண்டுக்காண்டு மேடாகிறது. 2013 அக்டோபரில் ஓர் இரவு, அணைநீரைத் திறந்துவிட வேண்டி வருகிறது. பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வீடுகள் போகின்றன. உயிர்களும்.

ஓடைக்கரையில் வெட்டாமல் விட்ட மரங்கள். சில இடங்களில் அகலமாக. சில இடங்களில் ஒற்றை வரிசை. சில இடங்களில் அதுவும் இல்லை.

ஒற்றை வரிசைக்குக் கீழே கை விட்டால் தண்ணீர் தெளிவாக ஓடுகிறது.

காட்டோரத்தில் கவ்வாத்துக்குத் தப்பிய ஒரு தேயிலை. ஆளுயரம் தாண்டி மரமாகி நிற்கிறது. வெள்ளைப் பூக்கள், நடுவே மஞ்சள் மகரந்தம். கொழுந்துக்காக வெட்டி வெட்டி இடுப்பளவில் நிறுத்திய செடிகளில் பூவைக் காண்பது அரிது. இதில் தேனீக்கள்.

சிறு பறவைகள் கூட்டமாக வருகின்றன. கருந்தலை, காதோரம் வெள்ளி, தொண்டையில் ஆரஞ்சு மஞ்சள். கிளை கிளையாகப் பூச்சி தேடுகின்றன. தேயிலையிலிருந்து காட்டுக்கு, காட்டிலிருந்து தேயிலைக்கு.

அடுத்த நிரையில் புதுக் கவ்வாத்து. வெட்டுவாய்கள் வெளுப்பு. கழித்த மிலாறுகள் மண்மேல் பரப்பிக் கிடக்கின்றன. கத்தி இந்தப் பக்கமாகத்தான் வந்துகொண்டிருக்கிறது. பூத்த செடியையும் சேர்த்து வெட்டுவார்களா, தெரியவில்லை.