மருந்தும் முறையும்



திருஞானசம்பந்தமூர்த்தி சுவாமிகள் கொங்குநாட்டிலே கொடிமாடச் செங்குன்றூரில் எழுந்தருளியிருந்த காலத்து, உடன்வந்த அடியார்களைக் குளிர்சுரம் பற்றியது. சுவாமிகள் திருநீலகண்டப் பதிகம் பாடியருளினார். அடியார்களின் நோய் நீங்கியதோடு, அந்நாடெங்கும் அந்நோய் ஒழிந்தது என்பது பெரியபுராண வரலாறு. தம்மைச் சார்ந்தாரை மாத்திரங் காத்து, அயலாரை நோயிலே விடுதல் திருவருளின் இயல்பன்று என்பது இதனால் விளங்கும்.

அருள் குறைவுபடாதது, மருந்தோ அளவுபட்டது. அளவுபட்டதனை எம்முறையிற் பகிர்வது என்பதே நாம் ஆராயற்பாலது.

கொவிட் நோய் உலகெங்கும் பரவிய 2020 ஆம் ஆண்டிலே, தடுப்பூசி எல்லாத் தேசத்தார்க்கும் எட்டுமாறு கோவாக்ஸ் என்னுங் கூட்டேற்பாடு வகுக்கப்பட்டது. ஒவ்வொரு தேசத்திலும் மருத்துவ ஊழியர் முன்னும், முதியோரும் பிறநோயுடையோரும் அதன் பின்னுமாக, நூற்றுக்கு 20 பேர்க்கு முதலிற் கிடைத்தல் வேண்டும் என்பது அதன் ஒழுங்கு. செல்வத் தேசங்களோ உற்பத்தியாளருடன் தனித்தனியே ஒப்பந்தஞ் செய்து முந்திக்கொண்டன. 2021 ஜனவரி 18 இல் உலக சுகாதார நிறுவனத் தலைவர் அறிவித்தபடி, வருவாய் மிகுந்த 49 தேசங்களில் ஏற்றப்பட்ட ஊசிகள் 390 இலட்சத்துக்கு மேல். மிக வறிய தேசமொன்றில் ஏற்றப்பட்டவை 25 மாத்திரமே. 2021 முடிவதற்குள் 200 கோடி ஊசிகளை வழங்கக் கருதிய கோவாக்ஸ், 100 கோடியை எட்டியது 2022 ஜனவரியிலேயாம்.

தன் குடிகளை முதலிற் காப்பது அரசின் கடனன்றோ எனின், கடனே. ஆயினும், ஓரிடத்து வலிய வாலிபரும் ஊசி பெற்றிருக்க, பிறிதோரிடத்து நோயாளர் படுக்கையருகே நிற்குந் தாதி அது பெறாது நிற்பாளாயின், அதனைக் காவல் என்பது எங்ஙனம்? வேண்டுவோரின் வலிமையன்று, நோயின் அபாயமே முறையை வகுத்தற்குரியது.

இக்குற்றம் அரசுகளுக்கே உரியதென்று நாம் அமைந்திருத்தலும் ஆகாது. அறிமுகத்தையும் உத்தியோகத்தையுங் கொண்டு வரிசையை முந்தும் எண்ணம் நம்முள்ளும் எழவில்லையா? நாம் முந்திய ஓரிடம், யாரோ ஒரு முதியவள் பிந்திய இடமன்றோ?

திருநீறணிந்து உலகம் முழுவதும் நோய்நீங்கி வாழ்கவென்று நாடோறும் வேண்டுகின்றோம். நம்முறை வருமளவும் பொறுத்திருத்தலும் அவ்வேண்டுதலின் ஓர் உறுப்பே. அதனைச் செய்யாதவிடத்து, வேண்டுதல் நாவளவில் நின்றுவிடும் என்று அறிந்து ஒழுகுவோமாக.

திருச்சிற்றம்பலம்.