பொறுமை யாருடைய கடமை?

பொறுமை ஓர் அறம் என்பதை எவரும் மறுப்பதில்லை. ஆயின், ஒருவர் பொறுத்துக்கொள்வதால் மற்றவர் கேளாதிருக்க நேரின், அப்பொறுமையை அறமெனப் போற்றுதல் தகுமா? தாய்மையோடு தொடர்புடைய இருதய நோயொன்று இவ்வினாவைக் கூர்மையாக எழுப்புகின்றது.

முன்னர் இருதய நோய் எதுவுமற்ற பெண்ணுக்கும், கர்ப்பத்தின் இறுதி மாதத்திலோ மகப்பேற்றின் பின் 5 மாதங்களுக்குள்ளோ இருதயத் தசை தளர்ந்துவிடுவதுண்டு. தளர்ந்து விரிந்த தசையிலே மின்கணத்தாக்கங்கள் ஒழுங்கு தவறுகின்றன. அதனால் எழும் சீரற்ற துடிப்பு சிலவேளை திடீர் மரணத்தில் முடிவதுமுண்டு. எனினும் உரிய சிகிச்சை பெற்றோருள் பலர் சில மாதங்களில் தேறிவிடுகின்றனர். ஆகவே நோயைக் காலத்தே அறிதல் இன்றியமையாதது. இலங்கையில் தாய்மரணங்களின் முக்கிய காரணங்களுள் இருதய நோயும் ஒன்றென்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

இடர் யாதெனில், களைப்பு, கால்வீக்கம், மூச்சுவாங்கல் ஆகிய இந்நோயின் குறிகள் பிள்ளை பெற்ற எப்பெண்ணுக்கும் இயல்பானவையாகத் தோன்றுவதே. மல்லாந்து படுக்கையில் மூச்சுத் திணறுவதையும், நள்ளிரவில் நெஞ்சு படபடத்து விழிப்பதையும் அவள் ஒருத்தியே அறிவாள். அவளது சொல்லே முதற் சான்று.

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர் முதலிய கரையோர முஸ்லிம் ஊர்களில் மணமான பின் கணவனே பெண்ணின் வீட்டுக்கு வருவது வழக்கம். எனவே பிள்ளை பெற்றவளைச் சூழ உம்மாவும் சகோதரிகளும் இருப்பர். மருத்துவமாதும் வீடு தேடி வருவார். இத்துணைச் செவிகள் அருகிருந்தும், “புள்ள பெத்த உடம்பு அப்படித்தான் இரிக்கும்” என்னும் ஒரு சொல் அவற்றை அடைத்துவிடக்கூடும். அச்சொல் அன்பிலே பிறப்பது; ஆயினும் அறிந்தவளின் சாட்சியத்தை அறியாதோர் தள்ளுவதாகவே அது முடிகின்றது.

இந்நோய் அரிதன்றோ, எல்லாத் தாயரையும் அச்சுறுத்துவதா எனச் சிலர் வினவலாம். அவளை நம்பித் தவறினால் நட்டம் ஒரு வைத்தியசாலைப் பயணமும் ஒரு மின்இதயவரைவுமே. நம்பாது தவறினால் நட்டம் ஓர் உயிர். தன் உடல் தாங்காதென அஞ்சும் கர்ப்பிணியும் பாலூட்டும் தாயும் நோன்பைப் பிற்போட இஸ்லாம் இடமளித்துள்ளது. அங்கே அவளது அச்சம் நியாயமென மதிக்கப்படுகின்றது. வணக்கத்தில் மதிக்கப்படும் அச்சம் வீட்டில் மட்டும் ஏன் மதிப்பிழக்க வேண்டும்?

வேதனையைத் தாங்குதல் பொறுமையாகலாம். அதனைச் சொல்லாது மறைத்தல் பொறுமையன்று. சொல்பவளிடம் பொறுமையைக் கோருவதற்குமுன், பொறுமையோடு கேட்டல் சூழ இருப்போரின் கடமையாகும்.